அமானிதம் வாங்கும் கை

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடற்கரை வந்து சேர்ந்தது 1974இல்தான். தொண்டைமான்களின் சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது. மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கரையோர ஊர்கள் அதுவரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தவை. அரசு ஆவணத்தில்தான் இந்தச் சேர்க்கை புதிது. உள்நாட்டுக்கும் கரைக்கும் இடையே சரக்கு போய்வந்த வழக்கம் மிகப் பழையது. இடைக்காலத் தமிழகத்தின் பெரும் வணிகக் குழுக்களில் ஒன்றான மணிக்கிராமத்துக்குக் கொடும்பாளூர் ஓர் இருப்பிடம். இன்று மூவர் கோயிலுக்காக மட்டும் நினைக்கப்படும் அந்த ஊரின் பெயரோடு ‘கொடும்பாளூர் மணிக்கிராமம்’ என்றே அக்குழு அறியப்பட்டது. மேற்காசிய வணிகர்களின் அமைப்பு அஞ்சுவண்ணம். தொடக்கத்தில் பல சமயத்தாரும் அதில் இருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டுக்குள் தமிழகக் கரையில் அது பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்களின் அமைப்பாகிவிட்டது. மாவட்ட எல்லையைத் தாண்டித் தெற்கே தொண்டியை நோக்கிப் போகும் வழியில் உள்ள தீர்த்தாண்டதானத்தில், 1269ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில், இந்த இரு குழுக்களின் பெயரும் ஒரே அவையில் சேர்ந்து வருகின்றன. மொழியும் சமயமும் வேறான மனிதர்கள் ஒரே கரையில் சரக்கை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்படி மாற்றிக்கொள்வதில் இருந்த இடர் என்ன என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். மரக்கலம் காற்றுக்குக் கட்டுப்பட்டது. போனவர் அடுத்த பருவக்காற்றில்தான் திரும்ப முடியும். முதல் போட்டவர் ஒரு கரையில், முதலை எடுத்துப்போனவர் மறுகரையில். நடுவில் மாதக்கணக்கில் ஒரு செய்தியும் இல்லை. ஊரில் இருப்பவரிடம் நகையையும் பணத்தையும் ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பலேற வேண்டும். இந்த ஒப்படைப்புக்குத் தமிழ் முஸ்லிம்கள் இன்றும் சொல்லும் பெயர் அமானிதம். அந்த வணிகத்தைத் தாங்கி நின்றது நாணயம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். நாணயம் என்பதை நல்ல மனசு என்று சுருக்கியும் விடுகிறோம். இந்தச் சுருக்கல் தவறு என்பதே என் வாதம். கரையோர முஸ்லிம்கள் பின்பற்றிய சட்டம் நேர்மையையும் அறிவையும் இரண்டு தனித்தனிக் குணங்களாக விட்டுவைக்கவில்லை. அறிவில்லாத நேர்மையை அது முழு நேர்மையாக எண்ணவில்லை. இன்னொருவர் பொருளைக் காக்கும் பொறுப்பில் அதைத் தடுத்தும் வைத்தது.

இந்தக் கரையின் கடல்வணிக முஸ்லிம்களான மரைக்காயர்கள் ஷாஃபி மத்ஹபை, அதாவது ஷாஃபி சட்டப்பள்ளியைச் சேர்ந்தவர்கள். அந்த மத்ஹபின் சட்ட நூல்களில் தலையாயது, 1277இல் இறந்த இமாம் நவவி எழுதிய ‘மின்ஹாஜ்’. தீர்த்தாண்டதானத்தில் அந்தக் கல்வெட்டு வெட்டப்பட்டபோது அவர் டமாஸ்கஸில் உயிரோடு இருந்தார். அந்த நூலின் அமானிதப் பகுதி எடுத்த எடுப்பிலேயே ஒரு தரவரிசை வைக்கிறது. பொருளைக் காக்கத் திறனற்றவர் அமானிதத்தை ஏற்பது ஹராம். காக்கத் திறனுண்டு, ஆனால் தன் நேர்மையின்மேல் தனக்கே முழு நம்பிக்கையில்லை என்றால், ஏற்பது மக்ரூஹ், விரும்பத்தகாதது, அவ்வளவுதான். நாம் எதிர்பார்ப்பது இதற்கு நேர்மாறான வரிசை. சபலமுள்ளவனைத் தடுத்துவிட்டு, அப்பாவியை மன்னித்திருப்போம். நவவி அப்பாவியைத்தான் முதலில் நிறுத்துகிறார். சபலமுள்ளவன் தன்னோடு போராடி வெல்ல வாய்ப்பு இருக்கிறது. பூட்டத் தெரியாதவன் எவ்வளவு அழுதாலும் பொருள் போனது போனதுதான்.

அதே பகுதியில் தொடர்ந்து வரும் விதிகளும் இதே போக்கில்தான் போகின்றன. அமானிதம் வாங்கியவர் கூலியில்லாமல் உதவி செய்பவர். ஆகவே பொருள் தானாக அழிந்தால் அவர் ஈடுகட்ட வேண்டியதில்லை. அவர் சொல்லைச் சத்தியத்தின் பேரில் நம்பவும் வேண்டும். ஆனால் கவனக்குறைவு என்று தெரிந்த இடத்தில் இந்தச் சலுகை முழுக்கப் போய்விடும். அமானிதப் பொருளை ஓரிடத்தில் புதைத்துவிட்டுப் பயணம் போனால், திருடு போகும்போது அவர் ஈடுகட்ட வேண்டும். அங்கே குடியிருக்கும் நம்பகமான ஒருவருக்கு இடத்தைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் வேண்டாம். உயிருக்கு ஆபத்தான நோய் வந்தால், இன்னாருடைய பொருள் என்னிடம் இருக்கிறது என்று சொல்லிவைக்க வேண்டும். சொல்லாமல் இறந்தால் அவர் சொத்திலிருந்து எடுக்கலாம். உரியவர் அனுமதியோ தக்க காரணமோ இல்லாமல் வேறொருவரிடம் மாற்றிக் கொடுத்தாலும் அதே தீர்ப்பு. இவற்றில் ஒன்றிலும் ‘திருட நினைத்தாரா’ என்ற கேள்வியே எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மண்ணுக்குள் புதைத்ததுதான் பெட்டகம் என்றிருந்த காலத்தில், கடலுக்குப் போனவர் திரும்புவாரா என்று யாரும் உறுதி சொல்ல முடியாத ஊர்களில், இந்த விதிகள் ஏட்டுச்சட்டமாக மட்டும் இருந்திருக்க முடியாது. யாருக்குச் சொல்லிவிட்டுப் போவது என்று முன்கூட்டி எண்ணிப் பார்ப்பதே அங்கே நேர்மையின் பாதி.

இந்தச் சிந்தனைக்கு வேர் நபிகள் நாயகத்தின் காலத்திலேயே இருக்கிறது. அவர்களுடைய தோழர்களில் அபூதர் கிஃபாரியைப் போல உண்மை பேசுபவரை வானம் நிழலிட்டதுமில்லை, பூமி சுமந்ததுமில்லை என்ற பொருளில் ஒரு நபிமொழி உண்டு. அதே அபூதரை அழைத்து, உம்மை நான் பலவீனராகக் காண்கிறேன், இரண்டு பேருக்குக்கூடத் தலைவராக வேண்டாம், அநாதையின் சொத்துக்குப் பொறுப்பேற்க வேண்டாம் என்று நபிகள் நாயகம் அன்போடு தடுத்ததாக இன்னொரு நபிமொழி. இது இமாம் முஸ்லிமின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் உள்ளது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் திகைப்பு வரும். அரபு மண்ணிலேயே மிக உண்மையான மனிதருக்கு ஓர் அநாதைப் பிள்ளையின் சொத்தை நிர்வகிக்க அனுமதி இல்லை. அவர் எடுத்துக்கொள்வார் என்ற ஐயம் யாருக்கும் இருந்ததில்லை. ஒரு நாளைக்கு மேல் பொருள் சேர்த்து வைப்பதையே தாங்காத துறவு மனம் அவருடையது. வளர்ந்து வரும் பிள்ளைக்காக ஆண்டுக்கணக்கில் ஒரு சொத்தைப் பெருக்கிக் காப்பது அந்த மனத்துக்கு ஒத்துவராது. குர்ஆனில் யூசுப் நபி எகிப்தின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடும்படி கேட்கும்போது, தம்மைக் காப்பவர் என்றும் அறிந்தவர் என்றும் இரண்டு தகுதிகளைச் சேர்த்தே சொல்கிறார். பஞ்சம் வரப்போகும் நாட்டில் ஒன்றிருந்து மற்றது இல்லையென்றால் பயனில்லை.

திறமை வேறு, அறிவு வேறு. பூட்டத் தெரிவதையும் நிர்வகிக்கத் தெரிவதையும் அறிவு என்று பெரிதாக்குவானேன் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொருள் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் அதே சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். சாட்சி சொல்வதற்குப் பூட்டும் வேண்டாம், நிர்வாகமும் வேண்டாம்; கண்டதைச் சொன்னால் போதும். அங்கேயும், நினைவில் சரியாக நிறுத்திக்கொள்ள முடியாத வெகுளியின் சாட்சியம் ஏற்கப்படாது என்கிறது மின்ஹாஜ். ஹதீஸ் அறிஞர்கள் இதை இன்னும் நுணுக்கமாக வளர்த்தார்கள். ஓர் அறிவிப்பாளரை ஏற்க அவர் ஒழுக்கத்தில் நேரானவராக இருக்க வேண்டும். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் காக்கும் துல்லியமும் வேண்டும். மதீனாவில் எழுபது பேரைச் சந்தித்தேன், அவர்களில் எவரிடமும் அரசுக் கருவூலத்தையே ஒப்படைக்கலாம், ஆனாலும் இந்தத் துறைக்கு உரியவர்கள் அல்லர் என்பதால் அவர்களிடமிருந்து ஒரு ஹதீஸும் வாங்கவில்லை என்று இமாம் மாலிக் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. எகிப்தின் காஜி (நீதிபதி) இப்னு லஹீஆவின் கதை இன்னும் வருத்தமானது. அவருடைய ஏடுகள் தீயில் எரிந்தன. அதன் பிறகு நினைவிலிருந்து சொல்லத் தொடங்கியவருக்கு ஒன்றோடொன்று கலந்துவிட்டது. அவர் பொய்யரல்லர். ஆனாலும் அவருடைய பிற்கால அறிவிப்புகளை அறிஞர்கள் ஒதுக்கினார்கள். இமாம் முஸ்லிம் தம் தொகுப்பின் முன்னுரையில் இன்னும் ஒரு படி போகிறார். பக்திமான்கள் ஹதீஸில் சொல்லுமளவு வேறெதிலும் பொய் சொல்வதில்லை என்ற கடுமையான பழைய கூற்றை எடுத்துவைத்து, அவர்கள் வேண்டுமென்று சொல்வதில்லை, பொய் அவர்கள் நாவில் தானாக ஓடிவிடுகிறது என்று விளக்குகிறார். எண்ணமில்லாமலும் பொய் நேரும் என்பது பெரிய ஒப்புதல். உண்மை பேச விரும்புவது மட்டும் உண்மை பேசுவதாகிவிடாது. சரிபார்க்கும் அறிவும் வேண்டும் என்பதே அதன் பொருள்.

நபிகள் நாயகத்தின் வாழ்க்கையை இந்தக் கோணத்தில் பார்த்தால் நன்கு அறிந்த நிகழ்ச்சிகளுக்கே புதிய பொருள் கிடைக்கிறது. கதீஜா நாயகியின் சரக்கை எடுத்துக்கொண்டு அவர்கள் ஷாம் நாட்டுக்குப் போனதை உமறுப்புலவரின் சீறாப்புராணம் வழியாகத் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். கடல்வணிகம் செய்த சமூகத்துக்கு, பிறர் முதலைச் சுமந்து சென்ற ஒரு வணிகர் தங்கள் நபியாக இருந்தது எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும்! அவர்களை மக்கா மக்கள் ‘அல் அமீன்’, நம்பிக்கைக்குரியவர், என்று அழைத்தார்கள். ஆனால் கஅபாவைப் புதுப்பித்தபோது கறுப்புக் கல்லை எடுத்து வைக்கும் பெருமை யாருக்கு என்று குலங்கள் வாளை உருவும் நிலைக்கு வந்தபோது, நேர்மை பாதி வேலையைத்தான் செய்தது. அடுத்து உள்ளே வருபவர் தீர்ப்புச் சொல்லட்டும் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். வந்தவர் அமீன் என்றதும் எல்லாரும் மகிழ்ந்து ஏற்றார்கள். அத்தோடு நேர்மையின் பங்கு முடிந்தது. ஒரு மேலாடையை விரித்து, கல்லை அதன் நடுவில் வைத்து, ஒவ்வொரு குலத்துத் தலைவரையும் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கச் சொன்னது நுண்ணறிவு. அது இல்லாமல் போயிருந்தால், எல்லாரும் நம்பிய ஒரு மனிதர் முன்னிலையிலேயே இரத்தம் சிந்தியிருக்கும். அஷ்அரீ கொள்கை நூல்கள் நபிமார்களுக்கு இருந்தே தீர வேண்டிய தன்மைகளாக உண்மை, நம்பகம், செய்தியை எத்திவைத்தல் ஆகியவற்றோடு நுண்ணறிவையும் சேர்த்து எண்ணுவது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நூலில் இருப்பது வேறு, துறைமுகத்தில் நடந்தது வேறு என்ற மறுப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருப்பது கசப்பானது. ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் இங்கே கொண்டுவரப்பட்டன. ஆண்டு முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை செத்தன. குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர்கள் இந்நாட்டுக்கு வரவிடுவதில்லை, குதிரைகள் செத்தால்தான் அடுத்த ஆண்டும் விற்கலாம் என்பது அவர்கள் கணக்கு என்கிறார் அவர். இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. விற்ற குதிரையில் குறையை மறைக்கவுமில்லை. வாங்குபவரின் அறியாமையை அப்படியே இருக்கவிட்டுக் காசு பார்த்தார்கள். அதே நாட்டில், கடனாளியைச் சுற்றிக் கடன்காரர் ஒரு வட்டம் கீறிவிட்டால் கடனைத் தீர்க்காமல் அவர் வட்டத்தைத் தாண்டமாட்டார் என்றும், ஓர் அயல்நாட்டு வணிகர் அரசரையே குதிரையோடு அப்படி நிறுத்தியதைத் தாம் பார்த்ததாகவும் போலோ சொல்கிறார். உள்ளூர் மக்களின் வாக்குறுதி மேல் இவ்வளவு பாதுகாப்பு அனுபவித்த வணிகர்கள், அவர்களுக்கு ஒரு லாட வைத்தியரைக்கூட விட்டுவைக்க மனமில்லாமல் இருந்தது வெட்கத்துக்குரியது. இதை நான் மழுப்ப விரும்பவில்லை. ஆனால் இது என் வாதத்துக்கு எதிர்ச்சான்று ஆகாது. நேர்மையிலிருந்து கழன்றுகொண்ட அறிவு எப்படி இருக்கும் என்பதற்கே சான்று. போலோவுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்பே மார்க்க அறிஞர் கஸ்ஸாலி, முஃப்தி செல்லும் என்று தீர்ப்பளிக்கக்கூடிய ஒரு வியாபாரமும் அநியாயமாக இருக்கலாம் என்று எழுதிவிட்டார். தனக்குச் செய்யப்பட்டால் மனம் ஒப்பாத எதையும் அடுத்தவருக்குச் செய்யாதே என்பது அவர் வைத்த அளவுகோல். அந்த அளவில் குதிரை வணிகர்கள் தேறமாட்டார்கள்.

இன்னும் உள்ளுக்குள்ளிருந்தே எழும் மறுப்பும் உண்டு. சட்டத்தின் எழுத்தை மீறாமல் அதன் நோக்கத்தைத் தாண்டிவிடும் ‘ஹீலா’ என்னும் உபாயங்களைப் பற்றிச் சட்ட அறிஞர்கள் தனி நூல்களே எழுதியிருக்கிறார்கள். அறிவைப் போற்றிய மரபு சூழ்ச்சியையும் போற்றியது என்று இதைக் காட்டலாம். ஆனால் அதே மரபில் இமாம் புகாரி தம் ஹதீஸ் தொகுப்பில் ஒரு முழுப் பகுதியை இந்த உபாயங்களை மறுப்பதற்கே ஒதுக்கினார். வருடம் முடியும் தறுவாயில் சொத்தை மனைவி பெயருக்கு மாற்றி ஜகாத்திலிருந்து தப்பிப்பவரைக் கஸ்ஸாலி விடாமல் சாடினார். சண்டை நடந்திருக்கிறது, ஒரு தரப்பு முழுதாக வெல்லவுமில்லை. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று நவவியிடமே உள்ளது. கொடுமைக்காரன் ஒருவன் வந்து, உன்னிடம் இருக்கும் அமானிதப் பொருள் எங்கே என்று கேட்டால், அதை மறைப்பதற்காகப் பொய் சொல்வது கடமை என்கிறார். இரண்டு பொருள்படப் பேசித் தப்ப முடிந்தால் அது இன்னும் நல்லது. வாய்மை அதிகாரத்தைப் படித்த தமிழருக்கு இது அந்நியமாகப் படாது. ஹீலாக்காரர் சொல்லைக் காப்பாற்றி நம்பிக்கையைக் கொல்கிறார். அமானிதம் காப்பவர் நம்பிக்கையைக் காப்பாற்றச் சொல்லை விட்டுக்கொடுக்கிறார். இரண்டுக்கும் கூர்மையான அறிவு வேண்டும். யாருக்காக அந்த அறிவு உழைக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

கரையிலிருந்து உள்ளே வந்தால் மத்ஹபு மாறுகிறது. புதுக்கோட்டையின் உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனஃபிகள். அநாதைப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்து, பக்குவம் கண்டால் அவர்கள் சொத்தை ஒப்படையுங்கள் என்று குர்ஆன் சொல்கிறது. அந்தப் பக்குவம் எது? ஷாஃபிகள் இரண்டையும் கேட்டார்கள்: மார்க்கத்தில் ஒழுங்கும் பொருளில் நிதானமும். ஹனஃபிகளுக்குப் பொருளை வீணாக்காத அறிவு போதும். தொழாதவன் என்பதற்காக அவன் சொத்தை அவனிடமிருந்து பிடித்துவைக்க மாட்டார்கள். ஒரே மாவட்டத்தில், கடற்கரையில் ஒரு விடை, உள்நாட்டில் வேறொரு விடை. என் மனம் இந்த ஓரிடத்தில் ஹனஃபிகள் பக்கம் சாய்கிறது. அது அவனுடைய சொந்தப் பொருள்; அதற்கு அறிவு போதும். பிறர் பொருள் என்று வரும்போதுதான் இரண்டும் சேர வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவின் 1875ஆம் ஆண்டு வயதுவரம்புச் சட்டம் பதினெட்டு வயதைப் பொது அளவாக வைத்ததோடு, இந்தச் சோதனையும் அதைப் பற்றிய விவாதமும் நீதிமன்ற வாசலுக்கு வெளியே போய்விட்டன. எண்ணிச் சொல்லிவிடக்கூடிய அளவு என்பதால் அது வசதியானது. பிள்ளையின் குணத்தையும் புத்தியையும் அருகிலிருந்து பார்த்து முடிவு சொல்லும் பொறுப்பிலிருந்து பெரியவர்களை அது விடுவித்துவிட்டது.

அந்தப் பொறுப்பு இன்னும் மிஞ்சியிருக்கும் இடம் பள்ளிவாசல். திருமயத்துக்கு அப்பால் மதுரைச் சாலையில் இருக்கும் காட்டுபாவா பள்ளிவாசல் முதல் கரையோரச் சிற்றூர்த் தொழுகைக் கூடம் வரை, வக்ஃபு என்னும் அறக்கொடைச் சொத்துக்கு முத்தவல்லி என்ற நிர்வாகி ஒருவர் வேண்டும். வக்ஃபை நிர்வகிப்பவருக்கு நேர்மையும் திறமையும் நிர்வாகம் நடத்தத் தெரிவதும் நிபந்தனை என்று மின்ஹாஜ் அடுக்குகிறது. நேர்மையும் தானாகவோ பிரதிநிதி மூலமாகவோ நடத்தும் ஆற்றலும் உடையவரையே நியமிக்க வேண்டும் என்று ஹனஃபிகளும் சொல்கிறார்கள். பிரதிநிதி மூலமாக என்ற அந்தச் சலுகையில் ஒரு சட்ட நுட்பம் ஒளிந்திருக்கிறது. இறந்தவரின் சொத்துக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டவர் மோசடி செய்தால் காஜி அவரை நீக்க வேண்டும். அவர் நேர்மையானவர், ஆனால் தனியாகச் சமாளிக்க முடியாதவர் என்றால், நீக்காமல் இன்னொருவரைத் துணைக்குச் சேர்க்க வேண்டும் என்பது ஹனஃபி விதி. அறிவை இரவல் வாங்கலாம். நேர்மையை வாங்க முடியாது. மின்ஹாஜ் அமானிதத்தில் திறனற்றவரை முதலில் தடுத்ததற்கும் இங்கேயே விளக்கம் இருக்கிறது. கப்பலேறுகிறவர் ஒரு முடிப்பை ஒருவர் கையில் கொடுக்கிறார்; உரியவர் சொல்லாமல் அதை வேறு கைக்கு மாற்றக் கூடாது. இரவல் அறிவுக்கு அங்கே வழி அடைபட்டிருக்கிறது. பள்ளிவாசலிலோ ஜமாஅத் இருக்கிறது, கணக்கு எழுதவும் சரிபார்க்கவும் ஆட்களைச் சேர்க்கலாம். ஆகவே நல்லவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, கணக்குக் கேட்பது அவரைச் சந்தேகிப்பதாகும் என்று ஒதுங்கி நிற்கும் ஜமாஅத், அவரை மதிக்கவில்லை. அபூதரிடம் சொல்லப்பட்டதை அவரிடம் சொல்லத் தயங்குகிறது.